இருபத்தேழாம் எண் தோட்டம்

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சௌகரியமாக இருக்கிறோம். உன் பல்வலி எப்படி இருக்கிறது? பிடுங்கப் பயந்துகொண்டு கன்னத்தைப் பிடித்தபடி திரியாதே. போய்ப் பிடுங்கிவிடு.

இங்கே செய்தி நல்லதாக இல்லை. பெரிய வீட்டுக்குப் போன பழம் திரும்பி வந்துவிட்டது. பழம் பொறுக்கி அடுக்கும் நம் சங்கத்துக் கொட்டகையில் அந்த நாட்டின் பெயரை யாரும் சொல்வதில்லை, பெரிய வீடு என்றுதான் சொல்வோம், உனக்குத் தெரியும். பதினாறு கன்டெய்னர் ஆரஞ்சு. அவர்கள் துறைமுகத்தில் ஒரு பெட்டியைத் திறந்தார்களாம், பழ ஈ இருந்ததாம், மறு உத்தரவு வரும்வரை நம் நாட்டுப் பழம் ஒன்றுகூட உள்ளே வரக் கூடாதாம். சங்கத்தில் ஐம்பத்து மூன்று தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். வேறு யாருக்கு விற்பது என்று தலைவரைக் கேட்டால், உன் தம்பியைக் கேள் என்கிறார்.

திங்கட்கிழமை நானும் தராசும் ஒரு கன்டெய்னரைத் திறந்தோம். தராசை மறந்திருக்க மாட்டாய். கையில் எடுத்த மாத்திரத்தில் பழத்தின் எடையைச் சொல்வாளே, அவள்தான். முதல் வரிசைப் பெட்டிகளில் நம் தோட்டத்து எண் இருந்தது, இருபத்தேழு. ஒவ்வொரு பழத்தின் மேலும் அந்தச் சின்னக் காகிதத்தை நான்தான் ஒட்டினேன். பாதிக்கு மேல் அமுங்கி நீர் விட்டிருந்தது. கொட்டகையில் வேலை பார்க்கும் நாற்பது பெண்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை.

புதிதாக வாங்க ஆள் பிடிக்கத்தானே அரசாங்கம் உன்னை அந்த ஊரில் உட்கார வைத்திருக்கிறது? யாராவது கிடைத்தார்களா? உடனே எழுது.

அன்புடன்,
அக்கா

மாப்பிள்ளை, பன்னிரண்டு வருஷமா வராத ஈ, அவங்க சோளத்துக்கு வரியைக் குறைக்க முடியாதுன்னு நம்ம மந்திரி சொன்ன மறுவாரம் எப்படி வந்துச்சு? ஈக்குப் பேப்பர் படிக்கத் தெரியுமா? உடம்பைப் பாத்துக்கோங்க. – அத்தான்


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லைப் பிடுங்கிவிட்டேன். இனி அதைப் பற்றிக் கேட்காதே. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தின் அடியில் அத்தான் எழுதும் வரிக்காகத்தான் உன் கடிதத்தையே படிக்கிறேன் என்று அவரிடம் சொல்.

என் அலுவலகம் என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. டயர் கடைக்கு மேலே ஒரே அறை. ஒரு மேஜை, நம் நாட்டு விளைபொருள்களின் படம் போட்ட ஒரு காலண்டர், நான். காலையில் டயரைத் தட்டும் சத்தத்தில் தொலைபேசி மணிகூடக் கேட்காது. ஆனால் நான் அறையில் இருப்பதே இல்லை. மூன்று வாரமாக மொத்தச் சந்தையில்தான் நிற்கிறேன். இது சின்ன நாடு. நம் பழத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

ஒருவர் மட்டும் பிடி கொடுத்துப் பேசினார். மொத்த வியாபாரி. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடங்களைச் சுற்றியுள்ள கடைகளுக்கெல்லாம் அவர்தான் பழம் போடுகிறார். இங்கே எடை போட்டு விற்பதில்லை, ஒன்று இரண்டு என்று எண்ணித்தான் விற்கிறார்கள். பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவில் சின்னப் பழம் வேண்டுமாம்.

அதனால் நாற்பது பெட்டி மாதிரிக்கு அனுப்பு. உன் அளவுப் பலகையில் மூன்றாம் ஓட்டையில் விழுகிற பழம் மட்டும். மறுபடி சொல்கிறேன், மூன்றாம் ஓட்டை. எல்லாவற்றிலும் சின்னது.

பத்துப் பழத்தில் ஒன்பதை ஒரே வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தோம். அதைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே நல்லது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலம். அத்தானுக்குத்தான் கொஞ்சம் தூக்கம் குறைச்சல். நீ நன்றாகச் சாப்பிடு.

நாற்பது பெட்டியும் நேற்றுக் கப்பலேறிவிட்டது. ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மூன்றாம் ஓட்டைப் பழம் சாறு ஆலைக்கு லாரியில் கொட்டிக்கொண்டு போவது. அதற்குப் பெட்டி கிடையாது, காகிதம் கிடையாது, எண் கிடையாது. பன்னிரண்டு வருஷமாக அதை ஒதுக்கித் தள்ளுவதுதான் என் வேலை. முதல்முதலாக ஒரு வீட்டுக்குப் போகும்போது கழித்துப் போட்டதை எடுத்துக்கொண்டு போவார்களா? உன் மானமும் அல்லவா அதில் இருக்கிறது? முதல் ஓட்டையில்கூட விழாத பழமாக, ஒரு புள்ளி இல்லாமல், தராசும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கினோம். பெட்டியைத் திறந்தால் அந்த மனிதர் காதில் இருக்கிற பஞ்சு தானாக விழுந்துவிடும், பார்.

கொட்டகையில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பெண்கள் மற்ற நாளும் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். வீட்டில் இருந்தால் பயமாக இருக்கிறதாம். இந்த நாற்பது பெட்டி எல்லோருக்கும் தெரியும். என்ன ஆச்சு என்று தினமும் என்னைக் கேட்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா

மாப்பிள்ளை, பெரிய வீடு கதவைச் சாத்தினதும் சின்ன வீடு தேடறாருன்னு கொட்டகைல உங்களைக் கிண்டல் பண்றாங்க. உங்க அக்காவும் கூடச் சேந்து சிரிக்கறா. அவ சிரிச்சு ஒரு மாசமாச்சு, அதனால நான் ஒண்ணும் சொல்லல. – அத்தான்


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலமா?

பெட்டிகள் வந்தன. வியாபாரியின் கடையில், அவர் கண்ணெதிரே திறந்தேன். அவர் ஒரு பழத்தை எடுத்துப் பார்த்தார். அழகான பழம் என்றார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் கொண்டுபோகிற சாப்பாட்டு டப்பா, எல்லாம் ஒரே அளவு. பழத்தை அதில் வைத்து மூடியை அழுத்தினார். மூடவில்லை. இன்னொரு பழம், அதுவும் மூடவில்லை. நாற்பது பெட்டியில் ஒரு பழத்துக்குக்கூட மூடி மூடவில்லை. "நான் கேட்டது உங்களுக்குப் புரியலன்னு நெனைக்கிறேன்" என்றார். கத்தியிருந்தால் தேவலை, அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

நான் உன்னிடம் பழம் கேட்டேன். நீ கௌரவத்தை அனுப்பினாய். இரண்டு தடவை எழுதினேன், மூன்றாம் ஓட்டை என்று. சின்னது மட்டம், பெரியது உசத்தி என்று உனக்கு யார் சொன்னது? பெரிய வீடு சொன்னது. கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகும் அவர்கள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறாய். மூன்று வாரம் கால் கடுக்க நின்று பிடித்த ஒரே ஆள் இவர்.

அந்த டப்பாவில் ஒன்றைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உன் பலகையைத் தூக்கிப் போடு. மூடி மூடினால் அந்தப் பழம் போகலாம். அவர் இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன் என்றிருக்கிறார், அதுவும் எனக்காக.

தம்பி


மே 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் பற்றி எழுது.

உன் கடிதமும் டப்பாவும் வந்து வெகு நாள் ஆகிவிட்டது. பதில் எழுதக் கை வரவில்லை. நீ எழுதியது அத்தனையும் சரி. தராசிடம் படித்துக் காட்டினேன், அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

குளிர் அறையில் கடைசிப் பறிப்பில் கொஞ்சம் இருந்தது. கொட்டகை நடுவில் ஒரு மேஜை போட்டு உன் டப்பாவை வைத்தேன். ஒவ்வொரு பழமாக வைத்து மூடிப் பார்த்தோம். முதல் நாள் எல்லோருக்கும் கை தானாகப் பெரிய பழத்துக்கே போயிற்று. நானே நாலு தடவை தப்புச் செய்தேன். மூன்றாம் நாள் பழகிவிட்டது. சின்னப் பழத்துக்குக் காகிதம் சுற்றி எண் ஒட்டும்போது ஒருத்தி சொன்னாள், "இதுக்கும் பேரு வெச்சாச்சா?" என்று. பத்துப் பெட்டி விமானத்தில் வருகிறது. போய் எடுத்துக்கொள்.

அத்தான் வேலையாக வெளியே போயிருக்கிறார். அவசரத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முந்தைய கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

மூடி மூடியது, அக்கா. வியாபாரி பத்துப் பெட்டியிலும் கை விட்டுப் பார்த்தார். அப்புறம் ஒரு பழத்தை உரித்து எனக்குப் பாதி கொடுத்தார். அவர் தின்று முடிக்கிறவரை என் பாதி என் கையிலேயே இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பருவத்தில் பன்னிரண்டு கன்டெய்னர் என்றார். பெரிய வீட்டுக்கு ஒரு பருவம் முழுவதும் போனதோடு ஒப்பிட்டால் இது கால்வாசிதான். ஆனால் அந்தக் கால்வாசிக்கு நாம் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பக்கத்து நாட்டில் அவருடைய மைத்துனர் இதே வியாபாரம் செய்கிறாராம், அவரிடமும் பேசுகிறேன். ஒருவர் சாத்தினால் இன்னொருவர் இருக்க வேண்டும். இதைத்தான் நம் அமைச்சகத்தில் இருபது பக்க அறிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அத்தானின் வரி ஏன் இல்லை? என் மேல் கோபமா? உன்னைத் திட்டி எழுதினேன் என்று அவருக்கு வருத்தம் இருக்கும். நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். பன்னிரண்டு கன்டெய்னர் என்று சொன்னதும் கொட்டகையில் பெண்கள் கை தட்டினார்கள். தலைவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பெரிய வீட்டிலிருந்து ஏதோ செய்தி வந்திருக்கிறது என்று பேச்சு.

வெயில் அதிகம். போன வாரம் தோட்டத்து மோட்டார் நின்றுவிட்டது. நானே கழற்றி மாட்டினேன், ஓடுகிறது.

அத்தான் நலம். பேனாவைத் தொட அவருக்குச் சோம்பல். உன் மேல் கோபமெல்லாம் இல்லை.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

மோட்டாரை நீ ஏன் கழற்றினாய்? அந்த மோட்டாரின் பக்கத்தில் அத்தான் என்னையே நிற்க விடமாட்டார். இரண்டு கடிதமாக அவர் வரி இல்லை. என்னிடம் பூசி மெழுகாதே. அவர் எங்கே?

நீ சொல்லாமல் இருப்பதற்கு நானும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. அதனால் நான் சொல்லாமல் வைத்திருந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய வீட்டோடு பேச்சுவார்த்தை முடியப்போகிறது. கதவைத் திறப்பார்கள். பழைய மாதிரியே ஐந்து வருஷ ஒப்பந்தம் சங்கத்துக்கு வரும். அதில் எட்டாவது பத்தியைப் படி. சங்கத்தில் உள்ளவர்கள் எந்த அளவுப் பழத்தையும் வேறு எந்த நாட்டுக்கும் அனுப்பக் கூடாது என்று இருக்கும். அவர்கள் தொடாத மூன்றாம் ஓட்டைப் பழத்தைக்கூட. சங்கத்தை விட்டு விலகினவர்களை அது கட்டுப்படுத்தாது, ஆனால் அவர்கள் பழத்தைப் பெரிய வீடு வாங்காது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட முதல் ஒப்பந்தத்திலும் இதே பத்தி இருந்தது; அவர்கள் கதவைச் சாத்தினதும்தான் அது செல்லாமல் போயிற்று. அப்போது நான் அமைச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். நம் கொட்டகையில் பழப்பெட்டி மேல் ஏறி நின்று சங்கத்தாருக்கு அதைப் படித்துக் காட்டினேன். "இது சும்மா ஒரு வரி, யாரு பாக்கப் போறாங்க" என்றேன். முதலில் கையெழுத்துப் போட்டவர் அத்தான். மைத்துனன் சொல்கிறான் என்பதற்காகப் போட்டார். அந்த ஆரஞ்சு வைப்பதற்காக எலுமிச்சை மரம் அறுபதையும் தன் கையாலேயே வெட்டினார். நான் அந்த வரியைச் சரியாகப் படிக்கவேயில்லை, அக்கா. மேலதிகாரி சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். ஜனவரியிலிருந்து நீ ஒரு தடவைகூட அதைக் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இந்தத் தடவை போடு என்றோ போடாதே என்றோ நான் சொல்ல மாட்டேன். சொல்லும் தகுதி எனக்கில்லை. நீங்கள் முடிவு செய்கிறவரை இங்கிருந்து கடிதமும் வராது.

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு நலம். மற்றதைக் கேள்.

உன் அத்தான் ஏப்ரல் இருபதாம் தேதி போய்விட்டார். எங்கே என்று கேட்டால் சிரிப்பாய். பெரிய வீட்டுக்குத்தான். அங்கே பழம் பறிக்க ஆள் பற்றாக்குறையாம், நம் பக்கத்திலிருந்து ஏஜென்ட் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போனான். என்ன பழம்? ஆரஞ்சு. நம் பழத்தை உள்ளே விட மாட்டார்கள், பழம் வைத்தவனை விடுவார்கள். கைவிரல் பத்தையும் கண்ணாடியில் வைத்து ரேகை எடுத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்களாம். ஐம்பத்திரண்டு வயதில் ஏணி ஏறுகிறார்.

அவர்தான் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். "அவன் அங்க அலையறதே நமக்காகத்தான், இதைச் சொன்னா கையொடிஞ்ச மாதிரி ஆயிடுவான்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். நீ கௌரவம் என்று எழுதினாயே, அந்தக் கடிதம் வந்த வாரம்தான் அவருக்குப் பெட்டி கட்டினேன்.

குத்திக் காட்டவில்லை என்றாய். இப்போது காட்டுகிறேன், வாங்கிக்கொள். நீ பெட்டி மேல் நின்று பேசினபோது நான் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் தம்பி எப்படிப் பேசுகிறான் பார் என்று தராசைக் கையில் இடித்தேன். அந்த வரியை நீ படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை, நீ படித்திருப்பாய் என்று இருந்துவிட்டேன். எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. என் மேலும் இருக்கிறது. எழுதியாயிற்று, இனிமேல் நிம்மதியாகத் தூங்கு.

அவர் கடிதம் ஒன்று வந்தது. அவர் வேலை பார்க்கிற தோட்டத்திலும் அந்த ஈ இருக்கிறதாம். மரத்துக்கு மரம் மஞ்சள் பொறி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களாம். அதனால் யாரும் எந்தக் கதவையும் சாத்தவில்லை என்று எழுதியிருக்கிறார். இதை உன் அமைச்சகத்தில் எடுத்துச் சொல்லிவிடாதே. யார் சொன்னது என்று தேடி வந்தால் அவருக்குத்தான் ஆபத்து.

ஒப்பந்தம் வந்துவிட்டது. எட்டாவது பத்தியை மூன்று தடவை படித்தேன். அக்டோபர் கடைசியில் சங்கம் கூடுகிறது. கையெழுத்துப் போட்டால் இந்தப் பருவத்துப் பழம் முழுவதும் போகும், அவர் பருவத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடலாம். போடாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் அவர் அங்கேதான். தோட்டம் அவர் பெயரில். என்ன செய்யட்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். ராத்திரி பகலாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். சொன்னபடியே நீ எழுதவில்லை. அது எனக்குக் கஷ்டமாகவும் இருந்தது, சரியாகவும் இருந்தது.

கூட்டம் முடிந்தது. உன்னைப்போல யாரும் பெட்டி மேல் ஏறவில்லை. நான்தான் எழுந்து எட்டாவது பத்தியை மெதுவாகப் படித்தேன், இரண்டு தடவை. எதிர்த் தோட்டத்துக்காரர், பதினான்காம் எண், எழுந்து நின்றார். "எல்லாம் புரியுதும்மா. ஆனா என் வீட்ல ஒம்பது பேரு. சின்ன நாட்டுக்காரன் பழம் தின்னு பழகறவரைக்கும் நான் அவங்களுக்கு என்னத்தைப் போடறது?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பதினொரு பேர் போடாமல் சங்கத்தை விட்டு விலகினார்கள்.

உன் அத்தானின் பதில் கூட்டத்துக்கு முதல் நாள்தான் வந்தது. அவர் பெயரில் நானே முடிவு செய்யலாம் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கூட ஒரு துண்டுக் காகிதம். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய். நான் வர்றதை அதுல சேக்காத." அவ்வளவுதான். சேர்க்காமல் எப்படி இருப்பது? சேர்த்துத்தான் யோசித்தேன். நான் போடவில்லை. இன்னொரு தடவை ஒரு ஈயைக் காட்டி அவர்கள் சாத்தினால், அப்போது வெட்ட என்னிடம் எலுமிச்சை மரமும் இல்லை, அனுப்ப இன்னொரு புருஷனும் இல்லை.

விலகினவள் சங்கத்துக் கொட்டகையில் வேலை பார்க்க முடியாது. சாவியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு மேஜை போட்டிருக்கிறோம். ஆறு பெண்கள் வருகிறார்கள். தராசு வரவில்லை. வாசல் வரைக்கும் வந்து நின்று, "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது, என்னைக் கோவிச்சுக்காத" என்றாள். கோபம் இல்லை என்றேன். அவள் இல்லாமல் என் கை பாதியாகிவிட்டது.

பதினொரு பேர் பழத்தில் உன் வியாபாரிக்குப் பன்னிரண்டு தர முடியாது. மூன்று கன்டெய்னர் தருவோம். பெரிய பழமெல்லாம் உள்ளூர்ச் சந்தைக்குத்தான். அவரிடம் நேராகச் சொல்லிவிடு. மழுப்பாதே.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? குளிரில் தகரத்தின் கீழே நிற்கிறாய், காலில் ஏதாவது போட்டுக்கொள்.

மூன்று கன்டெய்னரும் வந்து சேர்ந்தன. பன்னிரண்டு கேட்டவரிடம் மூன்று என்று, நீ சொன்னபடி மழுப்பாமல், இரண்டு மாதம் முன்பே போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "மூணுன்னு சொல்லிட்டு மூணு வந்தாப் போதும்" என்றார். மூன்று வந்தது.

அவரே ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து டப்பாவை வைத்துக்கொண்டு பார்த்தார். எல்லாப் பழத்துக்கும் மூடி மூடியது. கடைசிக் கன்டெய்னரில், கதவோரப் பெட்டியில் மட்டும் ஒன்று மூடவில்லை. முதல் ஓட்டையில்கூட விழாத பழம், புள்ளியில்லாதது, இருபத்தேழு ஒட்டினது. என் மூஞ்சி செத்துவிட்டது. அவர் அதை என் கையில் கொடுத்து, "இது எனக்கு இல்ல, உங்களுக்கு வெச்சிருக்காங்க" என்றார். நீ வைத்தாயா, கை தானாகப் போட்டதா? எப்படியானாலும் கடைக்கு வெளியே போய் நின்று தின்றேன். தின்னத் தின்ன அழுகை வந்தது. பரவாயில்லை.

பெரிய வீட்டோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதால் இந்த அலுவலகம் வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஏப்ரலில் பூட்டுகிறேன். அதற்குள் வியாபாரியும் நீயும் நேரடியாகக் கடிதம் எழுதிப் பழகிவிடுங்கள். அவருடைய மைத்துனர் ஒரு கன்டெய்னர் கேட்கிறார். என்னை எங்கே மாற்றப்போகிறார்கள் என்று தெரியாது. பெட்டி மேல் ஏறிப் பேசுகிற வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அத்தானுக்கு என்னால் எழுத முடியவில்லை. நாலு தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். என் சார்பில் நீ எழுது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 18

அன்புள்ள உனக்கு,

நான் சௌக்கியம். முழங்கால் வலி முன்னைக்கு இப்போ குறைச்சல். நீ எப்படி இருக்கே? மோட்டார்ல பெல்ட்டை மாத்து, அது ரொம்ப நாள் தாங்காது. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கும் அனுப்பி வை. அவரு நாலு கடிதம் கிழிச்சதா நீ எழுதின. கிழிக்க வேண்டாம்னு சொல்லு. ஒரு வரிதான் நான் கேக்கறது. முன்னெல்லாம் நான் அவருக்கு எழுதின மாதிரி, அடியில ஒரு வரி.

இங்க இன்னும் ஒரு வருஷம் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். நீ அதையே நினைச்சுக்கிட்டு இருக்காத. நான்தான் சேக்காதன்னு சொன்னேனே.

ஞாயித்துக்கிழமை எங்களை லாரியில டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பெரிய கடை, நம்ம கொட்டகை மாதிரி நாலு இருக்கும். சோப்பு வாங்கத்தான் போனேன். பழம் வெச்சிருக்கற பக்கம் போனா, நம்ம சங்கத்துப் பழம். மலை மாதிரி குவிச்சிருந்தாங்க. பத்து மாசமா இவங்க பழத்தைப் பறிச்சுப் பறிச்சு, நம்ம பழம் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. கிட்டப் போய் ஒட்டியிருக்கற எண்ணைப் பாத்தேன். ஒம்பது இருந்துச்சு. முப்பத்தொண்ணு இருந்துச்சு. பதினாலு நிறைய இருந்துச்சு, எதிர்த் தோட்டத்துக்காரரோடது. நான் இருபத்தேழைத் தேடினேன். இருக்காதுன்னு தெரியும், இருந்தாலும் கை கேக்கல. அடுக்கடுக்கா எடுத்து வெச்சுத் தேடினேன். கடைக்காரப் பொண்ணு வந்து, என்ன வேணும்னு கேட்டா. ஒண்ணுமில்லன்னேன். கடைசி வரைக்கும் பாத்துட்டேன். இருபத்தேழு ஒண்ணுகூட இல்ல.

அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. நம்ம பழம் இவங்க கதவைப் பாத்துக் கிடக்கல.

பதினாலுல ஒண்ணு வாங்கி வெளியில நின்னு தின்னேன். நல்ல பழம். அவரைப் பாத்தா நான் சொன்னேன்னு சொல்லு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்